கார் டீடெய்லிங் கடைக்கு ஆள் வருவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் கார் டீடெய்லிங் கடை, அதாவது காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் கடை, நடத்துபவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோவையில் ஒரு பெயின்டிங் பட்டறையில் வேலை கற்று, பிறகு சொந்தமாக டீடெய்லிங் கடை போட்டவன் நான். கையில் நல்ல வேலை இருக்கும் பையன்கள் வண்டி வராமல் கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போவதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும்.

உறையூரில் கடை திறந்து மூன்று மாதம் ஆகிறது. 5,000 பிட் நோட்டீஸ் அடித்துப் பேப்பரோடு வைத்துக் கொடுத்தேன். ஏழெட்டு போன்தான் வந்தது. அதிலும் பாதிப் பேர் 'வாட்டர் வாஷ் எவ்வளவு?' என்று மட்டும் கேட்டார்கள். நோட்டீஸை இணைத்திருக்கிறேன். அடுத்து லோக்கல் கேபிளில் போடலாமா, எஃப்.எம்.மில் போடலாமா, ஆட்டோ பின்னால் ஒட்டலாமா?
– வாசகர், திருச்சி

நோட்டீஸைப் பார்த்தேன், தம்பி. மேலே ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் படம். கீழே வரிசையாகச் சேவைகளின் பெயர்கள், எல்லாம் ஒரே அளவு எழுத்தில். உறையூர்த் தெருவில் நிற்பது ஸ்விஃப்ட், ஐ10, எர்டிகா. அந்தக் கார்க்காரருக்கு இந்த நோட்டீஸ் தனக்கானது என்றே தோன்றாது.

பணம் போடுவதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். ஒருவர் காரை டீடெய்லிங்குக்கு விட வேண்டும் என்று எப்போது நினைக்கிறார்? பின் சீட்டில் குழந்தை பாலைக் கொட்டி, இரண்டு நாள் வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறக்கிறாரே, அப்போது. காரை விற்பதற்குப் போட்டோ எடுக்கும்போது. வீட்டில் கல்யாணத் தேதி குறித்த பிறகு. கறுப்பு பானட்டில் சாயங்கால வெயில் பட்டு, வட்ட வட்டமாகக் கீறல் தெரியும் நாளில். காலையில் காபி குடித்துக்கொண்டே பேப்பர் பிரிக்கும்போது யாருக்கும் இந்த நினைப்பு வராது. நோட்டீஸ் வீணானதற்குக் காரணம் அதுதான். எஃப்.எம்.மில் போட்டாலும் இதே கதிதான், செலவு மட்டும் கூடுதல். மாவட்டம் முழுக்கக் கேட்கும் விளம்பரத்துக்குப் பணம் கட்டுவீர்கள். ஆனால் வண்டியை விட்டுவிட்டுத் திரும்பிப் போய், சாயங்காலம் வந்து எடுக்க வேண்டுமே. திருவெறும்பூரிலிருந்து உறையூருக்கு அதற்காக யார் வருவார்? உங்கள் வாடிக்கையாளர் கடையைச் சுற்றி நாலைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறார்.

தேவை வந்தவுடன் அவர் இரண்டு வேலை செய்வார். போனை எடுத்து கூகுள் மேப்பில் தேடுவார், அல்லது வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக்கிடம் கேட்பார். உங்கள் நேரத்தை இந்த இரண்டிலும் போடுங்கள்.

கூகுளில் கடையைப் பதிவு செய்யக் காசு கிடையாது. கடையையும் போர்டையும் உள்ளே இருக்கும் மெஷின்களையும் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லிச் சரிபார்ப்பார்கள். கடைப் பெயர் போர்டில் உள்ளபடியே இருக்கட்டும். பெயரோடு 'பெஸ்ட் கார் வாஷ் இன் திருச்சி' என்று வால் ஒட்டுவது அவர்கள் விதிப்படி தப்பு, பதிவையே முடக்கிவிடலாம். தொழில் வகை கேட்கும் இடத்தில் 'கார் வாஷ்' என்று போடாதீர்கள். 'கார் டீடெய்லிங் சர்வீஸ்' என்று தனி வகை இருக்கிறது, அதை முதல் வகையாக வையுங்கள். அப்புறம் போட்டோக்கள். இணையத்தில் எடுத்த படம் ஒன்றுகூட வேண்டாம். உங்கள் கடையில், உங்கள் கையால் செய்த வேலை மட்டும் போதும். பானட்டின் நடுவே டேப் ஒட்டி, ஒரு பாதி பாலிஷ் செய்ததும் மறுபாதி செய்யாததுமாக, எல்இடி லைட் அடித்து எடுத்த ஒரு போட்டோ நூறு வார்த்தை பேசும். சீட்டை ஈர வேக்குவம் போட்டு உறிஞ்சியபின் பக்கெட்டில் நிற்கும் கறுப்புத் தண்ணீரையும் எடுங்கள். அதைப் பார்க்கும் தாய்மார்கள் அன்றைக்கே போன் செய்வார்கள். வண்டி நம்பரை மட்டும் மறைத்துவிடுங்கள்.

மெக்கானிக் விஷயம் இன்னும் முக்கியம். உங்களைச் சுற்றி இருக்கும் மெக்கானிக் கடை, டயர் கடை, சீட் கவர் கடை ஒவ்வொன்றுக்கும் நேரில் போங்கள். கார்டு கொடுத்துவிட்டுத் திரும்பினால் அது கல்லாப்பெட்டிக்கு அடியில் போய்விடும். அவருடைய சொந்தக் காரை ஒரு நாள் கொண்டுவரச் சொல்லி, இன்டீரியர் முழுக்க இலவசமாகச் செய்து கொடுங்கள். தன் வண்டியில் பார்த்த வேலையைத்தான் அவர் அடுத்தவரிடம் தைரியமாகச் சொல்வார். சிலர் கமிஷன் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. என் கடைக்கு வரும் வண்டியில் பிரேக் சத்தம் கேட்டாலோ டயர் தேய்ந்திருந்தாலோ வண்டிக்காரரிடம் சொல்லி, அவர்களிடம் அனுப்பிவைக்கிறேன். பணத்தைவிட அந்தப் போக்குவரத்து நீண்ட நாள் நிற்கிறது.

ஆட்டோ பின்னால் ஒட்டலாம், ஆனால் உங்கள் ஏரியா ஸ்டாண்டு ஆட்டோக்களில் மட்டும். எழுதும்போது 'சீட் கறை, ஏசி நாற்றம், பெயின்ட் கீறல்' என்று போட்டுப் போன் நம்பரைப் பெரிதாக எழுதுங்கள். போர்டிலும் அப்படியே.

'வாட்டர் வாஷ் எவ்வளவு?' என்று கேட்டவர்களை விட்டுவிடாதீர்கள். விலையைச் சொல்லி வரச் சொல்லுங்கள். கழுவி முடித்த கார்தான் தன் குறையை எல்லாம் காட்டும். வண்டிக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, கதவு மேல் மெல்ல விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சொரசொரப்பு அவர் கைக்கே தெரியும். அது கழுவினால் போகாது, ஒட்டிய துகளைப் பிடித்து இழுக்கும் களிமண் கட்டியான கிளே பார் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம்.

இன்ஸ்டாகிராமில் என் ரீல்ஸுக்கு நிறையப் பார்வை வருகிறது. ஆனால் கமென்ட் போடுபவர்கள் எல்லாம் வடக்கிலிருந்தும் கேரளாவிலிருந்தும்தான். கடைக்கு ஒருவரும் வருவதில்லை.
– வாசகர், ஓசூர்

பின்னணியில் இந்திப் பாட்டு, மேலே ஆங்கிலத்தில் நாலு வார்த்தை என்று போட்டால் அது ஓசூர்க் கடை என்று யாருக்குத் தெரியும்? நீங்களே பேசுங்கள். 'பாகலூர் ரோட்டில் இருக்கிற கஸ்டமர் வண்டி, பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்தில் நின்று சிமென்ட் தெறித்துவிட்டது, எப்படி எடுக்கிறோம் பாருங்கள்' என்று தொடங்குங்கள். உங்கள் ஊரில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுகிறவர்கள் இருப்பதால் ஒரே வேலையை மூன்று மொழியிலும் பேசிப் போடலாம், அது வேறு ஊர்க்காரருக்கு இல்லாத வசதி. காசு கொடுத்து விளம்பரம் செய்வதானால், மேப்பில் உங்கள் கடையைக் குறித்து, சில கிலோமீட்டர் சுற்றளவுக்கு மட்டும் காட்டும்படி வையுங்கள். தொட்டால் நேராக வாட்ஸ்அப் திறக்கும் வகை விளம்பரம் இருக்கிறது, நம் மாதிரிக் கடைகளுக்கு அதுதான் சரி. சிறு தொகையில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் 'எங்கே பார்த்து வந்தீர்கள்?' என்று கேட்டு ஜாப் கார்டிலேயே எழுதிவையுங்கள். ரீல்ஸின் பார்வைக் கணக்கைப் பார்ப்பதைவிட அந்த ஒரு வரி உங்களுக்கு அதிகம் உதவும்.

தாம்பரத்தில் வீட்டுக்கே போய்ச் செய்யும் டீடெய்லிங் நடத்துகிறேன். கடை இல்லை, ஒரு ஆம்னி வேன்தான். அபார்ட்மென்ட்களில் கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். உள்ளே தினமும் கார் துடைப்பவர்களும் நாம் வருவதை விரும்புவதில்லை.
– வாசகர், சென்னை

அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மாதச் சம்பளத்துக்கு ஐம்பது, அறுபது வண்டியை விடியற்காலையில் துடைக்கும் ஒருவரின் பிழைப்பு அது. நீங்கள் வேனோடு வந்து இறங்கினால் தன் வேலை போய்விடும் என்றுதான் நினைப்பார். முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள். தினசரித் துடைப்பை நான் தொடமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காய்ந்த புழுதி மேல் ஒரே பழந்துணியால் துடைப்பதால்தான் அந்தச் சுழல் கீறல்கள் விழுகின்றன. அதைக் குற்றமாகச் சொல்லாமல், அவருக்கு நல்ல மைக்ரோஃபைபர் துணி சில கொடுத்து, எப்படி மடித்துப் பக்கம் மாற்றித் துடைப்பது, எப்படி அலசுவது என்று காட்டிக்கொடுங்கள். எந்த வீட்டுக் காரில் எலி புகுந்தது, எந்தக் காரில் புறா எச்சம் பெயின்ட்டைத் தின்றிருக்கிறது, யார் வண்டியை விற்கப் போகிறார் என்று அந்தக் குடியிருப்பில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அவர் சொல்லி அனுப்பும் வண்டிக்குக் கட்டாயம் பணம் கொடுங்கள். மெக்கானிக்குக் கொடுப்பதில்லை என்று மேலே எழுதினேன். அவருக்குத் திருப்பி அனுப்ப என்னிடம் வேலை இருக்கிறது. இவருக்கு அப்படி எதுவும் இல்லை, அதனால் பணம்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது அசோசியேஷன். செக்யூரிட்டியிடம் வாதாடிப் பயன் இல்லை, செயலாளரைப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு மூன்று கவலை: தண்ணீர், தரையில் ஓடும் அழுக்கு, உள்ளே வரும் ஆள் யார் என்பது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு அலைந்ததைச் சென்னை அபார்ட்மென்ட்கள் இன்னும் மறக்கவில்லை. அதனால் தண்ணீரை வேனில் நீங்களே கொண்டுவருவதாகவும், எத்தனை லிட்டர் செலவாகும் என்றும் எழுதிக் கொடுங்கள். கரன்ட்டுக்கு என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். வேலை செய்பவர்களின் அடையாள அட்டை நகல், ஒரே நிறச் சட்டை, வேலை முடிந்ததும் தரையைத் துடைத்துக் காட்டுவது, இவையெல்லாம்தான் கேட்டைத் திறக்கும். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டால் பலர் வீட்டில் இருப்பார்கள், கீழே இறங்கி வந்து வேடிக்கை பார்ப்பார்கள். முதல் வண்டி நடக்கும்போதே இரண்டாவது வண்டிக்காரர் விலை கேட்பார்.

தண்ணீர் இல்லாமல் ஸ்பிரே அடித்துத் துடைக்கும் முறையைப் பலர் விளம்பரம் செய்கிறார்கள். லேசான தூசிக்குச் சரி. புழுதியும் சேறும் ஏறிய வண்டியில் அதைச் செய்யாதீர்கள், கீறல் விழுந்தால் ஒரு குடியிருப்பு முழுக்க உங்கள் பெயர் கெடும். கூகுளில் பதியும்போது முகவரியை மறைத்து, சேவை தரும் பகுதிகளை மட்டும் குறிப்பிட வழி இருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் என்று தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் கடையில் செராமிக் கோட்டிங் 18,000 ரூபாய். ஒரு தெரு தள்ளி 5,999-க்கு 'லைஃப்டைம் செராமிக், ஸ்கிராட்ச் ப்ரூஃப்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் அதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைத்துவிடலாமா?
– வாசகி, ஈரோடு

குறைக்காதீர்கள், சகோதரி. எதற்கு 18,000 என்பதை விளம்பரத்திலேயே சொல்லுங்கள். கம்பெனியில் அடித்து வரும் பெயின்ட் முழுவதும் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும், ஏறக்குறைய ஒரு ஏ4 தாளின் கனம். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் 40, 50 மைக்ரான். ஒவ்வொரு முறை காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை போட்டுத் தேய்க்கும்போதும் அதிலிருந்துதான் கொஞ்சம் போகிறது. கோட்டிங் என்பது கடைசியில் பூசும் மெல்லிய படலம். கழுவி, இரும்புத் தூளும் தாரும் எடுத்து, கிளே போட்டு, மீட்டர் வைத்துக் கனம் அளந்து, கீறலைச் சரிசெய்து, எண்ணெய்ப் பசை துடைத்தபிறகுதான் பூச வேண்டும். நாள் முழுக்க வேலை வாங்குவது அந்த முன்வேலைதான். அதைச் செய்யாமல் பூசினால் கீறல் உள்ளேயே அடைபட்டு நிற்கும்.

இதை ஒரு பக்கம் தமிழில் எழுதி லேமினேட் செய்து மேஜையில் வையுங்கள். மீட்டரை வாடிக்கையாளர் கண் முன்னால் வைத்து அளந்து, எண்ணை ஜாப் கார்டில் எழுதுங்கள். கோட்டிங் எதைச் செய்யாது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். தண்ணீர் நிற்காமல் ஓடும், அழுக்கு சுலபமாகப் போகும், பளபளப்பு நீடிக்கும். ஆனால் பைபாஸில் லாரி டயர் தெறிக்கும் கல்லையோ, சாவியால் கோடு போடுவதையோ அது தடுக்காது. கல் அடிக்கு வேண்டியது பிபிஎஃப், அதாவது பெயின்ட் மேல் ஒட்டும் கண்ணாடி போன்ற ஃபிலிம், அது வேறு விலை. விற்பவரே குறையைச் சொல்லும்போது நம்பிக்கை வருவதை என் கடையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 'லைஃப்டைம்', 'ஸ்கிராட்ச் ப்ரூஃப்' என்ற சொற்கள் உங்கள் போர்டில் வரவே வேண்டாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தனியாகக் குறிப்பிட்டே நடவடிக்கைக்கு வழி செய்திருக்கிறது.

18,000 முடியாதவருக்கு வேறு வேலை வையுங்கள். ஒரு முறை மெஷின் பாலிஷ், மேலே சில மாதம் நிற்கும் சீலன்ட் என்ற பாதுகாப்புப் பூச்சு. அது அவர் பட்ஜெட்டுக்குள் வரும். அதே வேலையை விலை குறைத்துக் கொடுத்தால், நேற்று முழுப் பணம் கொடுத்தவர் நாளைக்கு வந்து கேட்பார்.

கூகுளில் ஐந்து ஸ்டார் போட்டால் 100 ரூபாய் தள்ளுபடி என்று எழுதி ஒட்டலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கூடாது. பணமோ தள்ளுபடியோ கொடுத்து ரெவ்யூ வாங்குவது கூகுள் விதிக்கு விரோதம், போட்டதெல்லாம் நீக்கப்படலாம். வண்டியைக் கையில் கொடுத்து, அவர் உள்ளே உட்கார்ந்து 'அட!' என்று சொல்லும் நேரத்தில் கேளுங்கள், க்யூஆர் கோடை நீட்டுங்கள். எந்த வண்டி, என்ன வேலை செய்தோம், எந்த ஏரியா என்று இரண்டு வரி எழுதச் சொன்னால் அடுத்து தேடுபவருக்கு அது உதவும். குறை சொல்லி ஒருவர் எழுதினால் அன்றே மரியாதையாகப் பதில் எழுதி, வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். புதிதாக வருபவர்கள் அந்தப் பதிலைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

ரவுண்டானாவில் பெரிய ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– வாசகர், புதுக்கோட்டை

அனுமதி இல்லாமல் வைக்காதீர்கள். 2019-ல் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஒரு வியாபாரத்துக்காக அப்படி ஓர் ஆபத்தை ரோட்டில் நிறுத்த நமக்கு உரிமை இல்லை. அந்தப் பணத்தில் கடை வாசலுக்கு நல்ல விளக்கு போடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு வெளிச்சத்தில் நிற்கும் பளபளப்பான காரை ரோட்டில் போகிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பழைய கார் விற்கும் டீலர்கள் நிறைய வண்டி தருகிறார்கள். ஆனால் விலை மிகக் குறைவு, பணமும் இழுத்தடிக்கிறார்கள். விட்டுவிடலாமா?
– வாசகர், மதுரை

புதுக் கடைக்கு அவர்கள் வேண்டும். பையன்களுக்குக் கை பழகும், வாடகைக்கு ஒரு பங்கு வரும். ஆனால் பாக்கிக்கு வரம்பு வையுங்கள்: முந்தைய வண்டிகளுக்குப் பணம் வந்தால்தான் அடுத்த வண்டி. கீறலைப் பாலிஷ் செய்யாமல் எண்ணெய் பூசி மறைத்துக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தக் காரை வாங்குபவரும் மதுரைக்காரர்தான், யார் செய்தது என்று ஒரு நாள் தெரிந்துவிடும். நேரடி வாடிக்கையாளர் வர வர டீலர் வேலையை வண்டி வராத நாட்களுக்குத் தள்ளுங்கள். டீலர் கடையில் வாங்கியவருக்கே உங்கள் கார்டைக் கொடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பழைய கார் வாங்கிய முதல் வாரம்தான் முந்தையவரின் வாசனை போக வேண்டும் என்று எவரும் நினைப்பார்.

ஆடியில் கடை காற்றாடுகிறது. ஆஃபர் போட்டாலும் வருவதில்லை. எந்த மாதத்தில் எதற்கு விளம்பரம் செய்வது?
– வாசகர், கரூர்

ஆடியில் பலர் புது வண்டி எடுக்கமாட்டார்கள், கல்யாணமும் இல்லை. அதனால் கோட்டிங், பிபிஎஃப் விளம்பரத்துக்கு அந்த மாதம் செலவழிக்க வேண்டாம். ஆனால் ஆவணிக்குப் புக் செய்தவர்கள் ஆடியில்தான் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷோரூமில் வண்டி வருவதற்கு முன்பே அவர்களிடம் பேச வேண்டும். 'டெலிவரி எடுத்த அன்றே கோட்டிங் போடத் தேவையில்லை, முதல் வாரத்தில் கொண்டுவாருங்கள், அதுவரை துணியால் தேய்த்துத் துடைக்காதீர்கள்' என்று ஒரு சின்ன வீடியோ போடுங்கள்.

அதைவிடப் பெரிய வாய்ப்பு ஆயுத பூஜைக்கு மறுநாள். பானட்டில் சந்தனம், குங்குமம், திருநீறு, பூ எல்லாம் இருக்கும். இரண்டு நாள் வெயிலில் விட்டால் வெள்ளைக் காரில் குங்குமத்தின் சாயம் இறங்கிவிடும். திருநீற்றைக் காய்ந்த துணியால் துடைத்தால் கீறும். இதைப் பூஜைக்கு ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள்: பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வையுங்கள், பெயின்ட்டில் வைத்தால் மறுநாள் காலையே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள் என்று. இலவசமாகச் சொல்லும் இந்தத் தகவலை அவர்களே குடும்ப குரூப்பில் அனுப்புவார்கள், உங்கள் கடைப் பெயரும் அதோடு போகும். கல்யாண வண்டியில் பூவும் டேப்பும் ஒட்டி விட்ட பசைக்கும் இப்படியே ஒரு வீடியோ.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டிக்குள் பூஞ்சை வாசனை வரும். அப்போது இன்டீரியர், ஏசி வேலையை மட்டும் முன்னால் வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போய்வந்த வண்டிகள் இருக்கின்றன. சேறு, சிந்திய சாப்பாடு, மலைப்பாதையில் வாந்தி எடுத்த சீட்டு. கரூரில் குருசாமிமாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஒரு குழுவின் வண்டிகள் மொத்தமாக வரும்.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஆகவே வண்டியைக் கொடுக்கும்போதே கடைப் பெயரோடு நம்பரைச் சேமிக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரு செய்திக்கு மேல் அனுப்பாதீர்கள். ஆடியில் கையில் கிடைக்கும் நேரத்தில், பழைய ஜாப் கார்டுகளை எடுத்து, ஆறு மாதத்துக்கு முன் கோட்டிங் போட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்யுங்கள். 'வண்டி எப்படி இருக்கிறது சார்? கழுவிப் பார்த்து, கோட்டிங் நிற்கிறதா என்று சொல்கிறேன், கொண்டுவாருங்கள்' என்று சொன்னால் போதும், ஆஃபர் தேவைப்படாது.